பித்தளை வளையங்களில் சிவப்புப் பொட்டு

மீன்காரர் தராசைத் தூக்கினால் மீனைப் பார்க்கமாட்டேன், அவருடைய சுண்டுவிரலைத்தான் பார்ப்பேன். தையற்காரியிடம் துணி கொடுத்தால் மிச்சத் துண்டையும் கேட்டு வாங்கிவிடுவேன். வீட்டில் என்னைச் சந்தேகப் பிராணி என்பார்கள். பொய்யில்லை.

கல்குடாக் கடற்கரையில் அண்ணனும் நானும் சின்னதாக ஒரு கேளிக்கைப் பூங்கா நடத்துகிறோம். கலைந்துபோன ஒரு கார்னிவல் கூட்டத்திடம் அப்பா வாங்கிய குதிரை ராட்டினத்துக்காகத்தான் இன்றைக்கும் சனம் வருகிறது. பன்னிரண்டு மரக்குதிரைகள். ஒவ்வொரு குதிரையின் கம்பியும் ஒரு பித்தளை வளையத்துக்குள் ஏறி இறங்கும். மரத்துக்கு வர்ணம் பூசலாம், இரும்பை மாற்றலாம். அந்தப் பித்தளை போனால் அதுபோல் இன்னொன்று கிடைக்காது. அதைக் காக்கிற பொறுப்பை நானாகவே எடுத்துக்கொண்டிருந்தேன்.

உப்பும் மணலும் ஏறி, குதிரைகள் பாதியில் சிக்கத் தொடங்கின. அதைச் சரிசெய்யத் தெரிந்தவர் ஏறாவூரிலிருந்து வரும் மெக்கானிக் ஒருவர்தான். முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கிற மாதிரி நான் அவரை நானா என்பேன், அவர் என்னைப் புள்ள என்பார். பல வருடப் பழக்கம். ஆனால் சுற்றியுள்ள ஹோட்டல்காரர்கள் அலங்காரத்துக்குப் பழைய பித்தளை தேட ஆரம்பித்த பிறகு, அவருடைய காக்கிப் பையிலேயே என் கண் நின்றது.

"பன்னிரண்டையும் பட்டறைக்குக் கொண்டு போகணும் புள்ள. இஞ்ச வெச்சுச் செய்ய ஏலா," என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. வாய் திறந்து கேட்கவும் முடியாது. அவர் கோபித்துக்கொண்டு போனால் ராட்டினம் நின்றுவிடும். அவர் தேத்தண்ணி குடிக்கப் போன நேரத்தில், ஒவ்வொரு வளையத்தின் அடிவிளிம்பிலும் என் சிவப்புக் கியூடெக்ஸால் ஒரு பொட்டு வைத்தேன். நகத்துக்குப் பூசுவது நல்ல காரியத்துக்கும் உதவுகிறதே என்று பெருமையாகக்கூட இருந்தது.

ஐந்தாம் நாள் வளையங்கள் திரும்பி வந்தன. எங்களுடையவை பச்சை படிந்து கிடந்தவை, இவை பளபளத்தன. நானா பின்னேரம் அஸர் தொழப் பள்ளிவாசலுக்குப் போனதும் ஒவ்வொன்றாகப் புரட்டினேன். ஒன்றிலும் பொட்டு இல்லை.

"பாத்தீங்களா அண்ணன், எல்லாத்தையும் மாத்திப்போட்டாரு."

"வாயப் பொத்து. அவர் அப்பிடிப்பட்ட ஆளில்ல," என்றார் அண்ணன்.

நான் கேட்கவில்லை. நேரே போய் அந்தக் காக்கிப் பையைத் திறந்தேன். ஸ்பானர்கள், தின்னர் போத்தல், எண்ணெய்த் துணி. அடியில், உறை பிரிக்காத புதுக் கியூடெக்ஸ் ஒன்று. சிவப்பு.

நிமிர்ந்தபோது நானா வாசலில் நின்றார்.

"அது உங்களுக்குத்தான்," என்றார். "தின்னர்ல கழுவக்குள்ள உங்கட அடையாளமெல்லாம் அழிஞ்சிட்டு. திருப்பிப் போடுவீங்க எண்டு வாங்கினன்."

பிறகு ஒரு வளையத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். பச்சை போன இடத்தில் ஏழு என்று குத்தியிருந்தது. பக்கத்திலிருந்த குதிரையின் வயிற்றடியிலும் அதே ஏழு, அதே வளைவு. சின்ன வயதிலிருந்து நான் தடவிப் பார்த்த எண். என் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல" என்றுவிட்டு ஸ்பானரை எடுத்தார்.

குதிரைகள் இப்போது சிக்காமல் ஓடுகின்றன. நானா மாதாமாதம் வருகிறார். வேலை முடிந்ததும் காக்கிப் பையை ராட்டின மேடையில் தலைகீழாகக் கொட்டுகிறார்.

"பாத்துக்கொள்ளுங்க மேடம்," என்கிறார்.

"வேணாம் நானா, அள்ளிப் போடுங்க," என்பேன். ஆனாலும் அவர் அள்ளி முடிப்பதற்குள் என் கண் எல்லாவற்றையும் ஒருதரம் பார்த்துவிடுகிறது.