மாடு படுத்திருந்த காசு

பினாங்கு ஸ்ட்ரீட் நகைக்கடையில், தங்க வளையத்துக்குள் பழங்காசு பதித்த பதக்கம் ஒன்றைப் பார்த்து நின்றுவிட்டேன். களிம்பேறிய பச்சைச் செம்பில் ஒரு மாடு படுத்திருந்தது.

அம்மாவிடமும் அப்படியொன்று இருந்தது. யாழ்ப்பாணத்தில் கிணறு வெட்டும்போது கிடைத்த அரசர் காலத்துக் காசு. அவள் பினாங்குக்குக் கப்பலேறும்போது அவளுடைய அப்பா பதக்கமாக்கிக் கொடுத்தது. அதன்பின் அவரை அவள் பார்க்கவேயில்லை.

ஆயர் ஈத்தாமில் இருந்த எங்கள் வீட்டில் தைப்பூசத்துக்கு முன்தினம் துலக்குகிற வேலையெல்லாம் அப்பாவின் அண்ணியான பெரியம்மாவுடையது. எனக்கு எட்டு வயதிருக்கும்போது, குத்துவிளக்குகளோடு அந்தப் பதக்கத்தையும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துவிட்டார். செம்பு வாடை மூக்கில் ஏறி அம்மா ஓடிவருவதற்குள் மாடு தேய்ந்து போய்விட்டது.

"எவ்ளோ அழுக்கு பாரு! இப்பதான் புதுசு மாதிரி மின்னுது," என்று பெரியம்மா ஆசையாகக் கட்டிவிட வந்தார்.

அம்மா குனிந்து கழுத்தைக் காட்டினாள். "நல்லாருக்கு அக்கா."

பிறகெல்லாம் அந்த வழவழப்பில் என் விரலைப் பிடித்து வைத்து, "இங்கதான் கொம்பு இருந்துச்சு," என்பாள்.

"தொட்டுப் பாருங்க அக்கா, மாடு நல்லா தெரியுது லா," என்று கடைப்பெண் பதக்கத்தை நீட்டினாள்.

எனக்குக் கை எழவில்லை.