நடராஜா மாமாவின் இடது கால்

எங்கள் கராஜ் ரிஸ்வான் நானா எனக்குப் போன் எடுத்தபோது நான் டியூஷன் முடிந்து பேராதனையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். "நடராஜா மாமா மௌத்தாப் பெய்த்தார்" என்றார். இறந்துவிட்டார் என்று கேட்டும் நான் சிரித்துவிட்டேன். போன மாதம்தான் குரலை மாற்றிப் பேசி, கடுகண்ணாவையில் இல்லாத ஒரு லொறியை இழுத்து வர மாமாவையும் நானாவையும் அனுப்பியிருந்தேன். அதற்குப் பழிவாங்குகிறார்கள் என்று நினைத்தேன். "நானா, நடிப்பு பத்தல. இன்னும் கொஞ்சம் அழுங்க" என்றும் சொன்னேன். மழைச் சத்தமும், யாரோ சிங்களத்தில் ஆட்களை விலகச் சொல்லும் சத்தமும்தான் கேட்டன.

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் பலரை ஒரு நாளாவது மாமா கொக்கி மாட்டி இழுத்து வந்திருப்பார். கம்பளைப் பாதையில் அப்பா நடத்தும் கராஜில் இருபத்திரண்டு வருடம் பிரேக்டவுன் லொறி ஓட்டியவர் அவர். மலையில் பழுதாகி நிற்கும் லொறி, பஸ்களைக் கீழே கொண்டுவருவதுதான் வேலை. போவது இரண்டு பேர். ஒருவர் ஓட்டுவார். மற்றவர் ரோட்டில் இறங்கி டயருக்குக் கட்டை வைத்து, கொக்கி மாட்டுவார். ஓட்டுபவர் மாமா, இறங்குபவர் ரிஸ்வான் நானா.

மாமா எனக்குச் சொந்தமில்லை. ஆனால் என் குறும்புகளில் முக்கால்வாசி அவருக்கே சொந்தம். ஒருமுறை பழகுநர்கள் மாட்டும் எல் போர்டை அவருடைய லொறியின் பின்னால் ஒட்டிவிட்டேன். நாவலப்பிட்டி வரை போய்த் திரும்பி வந்த பிறகுதான் அதைக் கண்டார். "அதான் பாத்தேன், இன்னிக்கு எல்லாரும் மரியாதையா வழி விட்டாங்க. நாளைக்கும் ஒட்டு பாப்பா" என்றார். அவரைக் கோபப்படுத்துவது எப்படி என்று நான் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை.

போன வருட ஆயுத பூசையை இங்கே எழுதாமல் விட்டால் இது அஞ்சலி ஆகாது. டயர்களுக்கு அடியில் தேசிக்காய் வைத்து, மாலை போட்டு, மாமா லொறியை எடுத்தார். கிளச்சிலிருந்து கால் எடுத்ததும் வண்டி விக்கல் வந்ததுபோல் குலுங்கி நின்றது. காய் பாதிதான் நசுங்கியது. இரண்டாம் முறையும் அப்படித்தான். "கிளச் தேஞ்சிருச்சு" என்று சொல்லிக்கொண்டு இறங்கினார். தேய்ந்தது எது என்று எனக்குத் தெரியும். பல வாரமாக அவர் இடது காலை இழுத்து நடப்பதையும், யாரும் பார்க்காத நேரம் சுவரைப் பிடித்து நிற்பதையும் கவனித்து வைத்திருந்தேன். எல்லோரையும் கேலி செய்து திரியும் பகிடிக்காரிக்கு அது புதையல். மிஞ்சிய மாலையைக் கழுத்தில் போட்டு, இடது காலைத் தூக்கிச் சிதம்பரத்துச் சாமி மாதிரி நின்றேன். பிறகு "நட, ராஜா, நட" என்று பாடிக்கொண்டு, இடுப்பில் கை வைத்து, செருப்பைத் தேய்த்துத் தேய்த்து முற்றத்தைக் கடந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. அவர் மாமாவின் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த கிழமையே அப்பா புது லொறி தேடத் தொடங்கினார். கண்டியில் இரண்டு பழைய ஜப்பான் வண்டிகள் இருந்தன. ஒன்று கையால் கியர் மாற்றும் மெனுவல், மற்றது தானாகவே மாற்றும் ஓட்டோ. ஓட்டோவில் கிளச் இல்லை. இடது காலுக்கு வேலையே இல்லை. அப்பாவின் மனம் அதில்தான் இருந்தது. எங்கள் பழைய லொறியைப் பின்னால் கட்டிக்கொண்டு ஹேவாஹெட்ட ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். ஏற்றத்தின் நடுவில் மாமா வேண்டுமென்றே நிறுத்தி எடுத்தார். குலுக்கல் இல்லை, கிளச் கருகும் மணம் இல்லை. வண்டி வெண்ணெய் போல ஏறியது. மாமா இடது காலைச் சீட்டில் மடித்து வைத்துக்கொண்டு, "பாப்பா, சாமி ஒக்காந்துட்டாரு" என்றார்.

அடுத்தது இறக்கம். எக்ஸிலேட்டரிலிருந்து கால் எடுத்ததும் வண்டி தானாகவே மேல் கியருக்குப் போனது. லிவரை இழுத்து இரண்டாம் கியரில் வைத்தார். பின்னாலிருந்த பாரம் தள்ள, எஞ்சின் இரைய, அது மறுபடி மூன்றுக்குத் தாவியது. பிரேக்கைத்தான் மிதித்து மிதித்து இறக்கினார். கீழே வந்தபோது சக்கரத்தின் பக்கம் கை வைக்க முடியவில்லை. பிறகு மெனுவலில் அதே இறக்கம். மேலேயே நிறுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு கிளச்சை மிதித்து, இரண்டில் போட்டார். வண்டி கீழே வரும்வரை இரண்டிலேயே நின்றது.

"பழகிக்கலாம் நடராஜா. ஓட்டோவையே எடுப்போம்" என்றார் அப்பா.

"வேணாங்க மொதலாளி. ஏத்தத்துல ஏறலன்னா வெக்கம் மட்டுந்தான். எறக்கத்துல நிக்கலன்னா உசிரு."

"அப்ப நீங்க எப்பிடி ஓட்டுவீங்க?"

"நான் எங்க ஓட்டுறது? ரிஸ்வான் ஓட்டட்டும், நான் எறங்கிக் கட்டை வைக்கிறேன். என் காலுக்கு வண்டி வாங்காதீங்க, இந்த ரோட்டுக்கு வாங்குங்க."

அப்பா மெனுவலையே வாங்கினார். இருபத்திரண்டு வருடச் சீட்டை மாமா அப்படித்தான் விட்டுக்கொடுத்தார். அன்று மாலை அவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அதையும் பகிடியாகத்தான் தொடங்கினேன். அவர் என்னை முடிக்க விடவில்லை. "நல்லாத்தான் நடந்து காட்டுன. ஆனா இனிமே செய்யாத, பாப்பா." அவர் எனக்கு வைத்த ஒரே கட்டளை அது.

தேயிலைக் கொழுந்து ஏற்றிய லொறி ஒன்றை இழுத்து வந்த நாளில் பிரேக் மிதி அடிவரை போய்விட்டதையும், இரண்டாம் கியர் மட்டுமே இருவரையும் கீழே கொண்டு வந்து சேர்த்ததையும் ரிஸ்வான் நானா செத்த வீட்டில்தான் சொன்னார். "அண்டைக்கு அது ஓட்டோவா ஈந்தா நாங்க ரெண்டு பேரும் மௌத்து."

மாமா போனது அதே ஹேவாஹெட்ட ரோட்டில், மழையில், ஒரு வளைவில். நின்றிருந்த லொறிக்குக் கட்டை வைக்கக் குனிந்திருக்கிறார். மேலிருந்து வந்த வேன் சறுக்கியது. விலக நேரம் இருந்தது என்கிறார் நானா. கால்தான் வரவில்லை.

அன்றிலிருந்து என் மூளை ஒரே கணக்கைப் போடுகிறது. நான் நடந்து காட்டாமல் இருந்திருந்தால், மாமா இன்னும் மேலே சீட்டில். அப்படியென்றால் கீழே குனிந்திருப்பது ரிஸ்வான் நானா. ஓட்டோ வாங்கியிருந்தால் கொழுந்து லொறி இழுத்த நாளிலேயே இரண்டு பேரும் இல்லை. வேறு மாதிரி நடந்திருக்கலாம் என்று ஆசைப்படக்கூட எனக்கு இடமில்லை.

மாமா போன எட்டாம் நாள் அவருடைய மனைவி பாக்கியம் அத்தை என்னைக் கூப்பிட்டார். "மாமா மாதிரி நடப்பியாமே. ஒருக்கா நடந்து காட்டு."

"செய்யாதன்னு மாமா சொன்னாரு அத்தை."

"அவரு இல்லயே" என்றார்.

வாசலிலிருந்து அடுப்பிருக்கும் குசினி வரை சீமெந்துத் தரையில் நடந்தேன். வலது கால், பிறகு இடது செருப்பின் இழுவை. அத்தை என்னைப் பார்க்கவே இல்லை. கண்களை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டார். குசினி வாசலில் நின்றேன்.

"ரெண்டு படி ஏறித்தான் உள்ள வருவாரு" என்றார். "மறுபடி வெளிய இருந்து வா."

மாமாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த நடை. வேறு யாருக்கும் அது வராது. அத்தை கேட்கும்போது மட்டும் நடக்கிறேன். அங்கே யாரும் சிரிப்பதில்லை.