கழுவாமல் விட்டிருக்க வேண்டிய கல்

2004ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் நடந்தது இது. கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் அப்போது பெக்டரி மேற்பார்வையாளராக இருந்தேன். பழைய தேதிகளைத் தேடி எழுதி வைப்பது என் பழக்கம். கோயில் மணியில் வெட்டிய வருடம், இயந்திரத்தில் வார்த்த வருடம், பாலத்தின் தூணில் யாரோ கீறிய வருடம் என்று கொப்பி கொப்பியாக நிரப்பியிருந்தேன்.

எங்கள் மயான மேட்டில் இடுப்பளவு உயரத்தில் ஒரு வெள்ளைக் கல் நின்றது. தோட்டம் போடக் காடு வெட்ட வந்து, காய்ச்சலில் செத்துப்போனவர்களின் பெயர்களைப் பிழைத்தவர்கள் தமிழில் வெட்டி நட்டு வைத்த கல். ஒன்பது பெயர்களை நான் சிரமப்பட்டு வாசித்து எழுதியிருந்தேன். கடைசி இரண்டு வரிகளைப் பாசி மூடியிருந்தது. வருடம் அதில்தான் இருக்க வேண்டும். எங்கள் ஆட்கள் அங்கே எப்போது வந்தார்கள் என்று சொல்ல வேறு எந்தச் சான்றும் இல்லை. தோட்டத்துப் பழைய புத்தகங்களை எப்போதோ கரையான் தின்றுவிட்டது.

அந்த வருடம் பழைய ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுப் புதுக்கன்று நடத் தொடங்கினார்கள். அதற்கான லொறிப் பாதை மயான மேட்டை வெட்டிக்கொண்டு போவதாக இருந்தது. நான் தோட்டத்தை நடத்துகிற துரையிடம் போய்க் கேட்டேன். அவர் நல்ல மனிதர்தான். இது பழைய கல்வெட்டு என்று நூதனசாலை என்கிற அருங்காட்சியகத்திலிருந்து ஒரு கடிதம் கொண்டு வா, பாதையைத் திருப்பிவிடுகிறேன், ஆனால் மாதக் கடைசிக்குள் வேண்டும் என்று சிங்களத்தில் சொன்னார்.

நூதனசாலை ஒன்றில் வேலை செய்த ஒருவரை எனக்குக் கடிதம் மூலம் தெரியும். மாவனல்லையைச் சேர்ந்த முஸ்லிம் பெண்மணி. கல்லில் வளரும் பாசிகளை ஆராய்கிறவர். கல்லின் மேல் தேமல் போல வெள்ளையும் சாம்பலுமாகப் படர்கிறதே, அது உண்மையில் பாசியும் பூஞ்சணமும் சேர்ந்து பிழைக்கிற ஓர் உயிர் என்பதும், அது மிக மெதுவாக வளர்வதால் அதன் அகலத்தை அளந்து கல் எவ்வளவு காலம் வெளியில் நிற்கிறது என்று ஓரளவு சொல்லலாம் என்பதும் அவர் எழுதித்தான் எனக்குத் தெரியும். தாவரவியல் படித்துவிட்டு 1993இல் வேலைக்குச் சேர்ந்தவர். பதினொரு வருடமாகியும் தற்காலிக நியமனம்தான். "இங்கே என் பெயர் பாசி மிஸ். சிலையை நன்றாகச் சுரண்டிவிட்டு, சுத்தமா மிஸ் என்று என்னிடமே காட்டுகிறார்கள்" என்று ஒருமுறை எழுதியிருந்தார்.

விஷயத்தை அவருக்கு எழுதினேன். உடனே பதில் வந்தது. மேலதிகாரியைக் கெஞ்சி ஒத்துக்கொள்ள வைத்துவிட்டேன், திங்கட்கிழமை இருவரும் வருகிறோம், கல்லில் எழுத்து இருப்பதை அவர் கண்ணால் பார்த்துவிட்டால் கடிதம் கிடைத்துவிடும் என்று.

தோட்டத்தில் பெரிய ஆள் யாராவது வருகிறார்கள் என்றால் நாங்கள் செய்கிற முதல் வேலை துப்புரவு. தண்ணீர் ஓடும் கானை வெட்டுவோம். பாதையோரக் கல்லுக்கெல்லாம் வெள்ளையடிப்போம். முப்பது வருடம் அப்படியே பழகிய எனக்கு, அதிகாரி வந்து பாசி பிடித்த கல்லைப் பார்ப்பதா என்று தோன்றியது. அதோடு, அந்த இரண்டு வரிகளை வாசித்துவிட வேண்டும் என்ற ஆசை. அதையும் மறைக்கக் கூடாது.

சனிக்கிழமை பின்னேரம், ரப்பர் பாலை உறைய வைக்க ஊற்றுகிற அசிட்டில் ஒரு போத்தலை எடுத்துக்கொண்டேன். பெக்டரித் தொட்டியில் கறை பிடித்தால் அதைத்தான் ஊற்றித் தேய்ப்போம். உதவிக்குப் பால்வெட்டுகிற ஓர் அம்மாவைக் கூப்பிட்டேன். அந்தக் கல்லில் இருந்த ஒரு பெயர் அவருடைய பாட்டனாருடையது.

"ஐயா, இது கையில பட்டாலே தோலு உரிஞ்சிருது. கல்லுக்கு ஆகுமா?" என்று கேட்டார்.

"ஏம்மா, கல்லுக்குத் தோலு இருக்கா?"

"நீங்க படிச்சவங்க. இல்லன்னா இல்லதான்" என்று சிரித்தார்.

ஊற்றியதும் கல் சோற்றுப்பானை மாதிரி பொங்கியது. அழுக்கு கிளம்புகிறது என்று நினைத்தேன். தேங்காய்த் தும்பை வைத்து இருவரும் தேய்த்தோம். பாசி தட்டுத் தட்டாகக் கழன்று வந்தது. கல் பால் போல வெளுத்தது. காய்ந்தால் எழுத்துத் தெளியும் என்று அவரிடம் சொன்னேன்.

ஞாயிறு காலையில் தனியாகப் போய்ப் பார்த்தேன். கல்லைத் தொட்டால் விரலில் சீனி போல மணல் ஒட்டியது. வருடம் மட்டுமல்ல, நான் வாசித்த ஒன்பது பெயர்களும் இல்லை. வெயிலில் ஒரு பக்கமாகவும் மறுபக்கமாகவும் நின்று பார்த்தேன். எங்கேயோ ஒரு கொம்பு, எங்கேயோ ஒரு சுழி. அவ்வளவுதான். வர வேண்டாம் என்று சொல்ல என்னிடம் அவருடைய தொலைபேசி எண்கூட இல்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஜீப் வந்தது. அதிகாரி ஒரு நிமிடம் கல்லைப் பார்த்தார். "அகுரு நே" என்றார். எழுத்து இல்லை. பிறகு, யார் இதைக் கழுவியது என்று கேட்டார். நான்தான் என்று சொல்வதற்குப் பதில் கேவலமாக ஒன்று செய்தேன். பக்கத்தில் நின்ற அந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

பாசி மிஸ் என் கையைப் பார்த்தார். விரல் நுனிகள் வெந்து தோல் உரிந்திருந்தன. அதிகாரியிடம் திரும்பிச் சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார்: கழுவ வேண்டாம் என்று நான் எழுதவில்லை, பிழை என்னுடையது. அதிகாரி ஏதோ முணுமுணுத்துக்கொண்டு ஜீப்புக்குப் போனார்.

பாசி மிஸ் மட்டும் கல்லின் பக்கத்தில் குந்திக்கொண்டார். "இது சுண்ணாம்புக் கல்லு அண்ணன். மேலுக்கு எல்லாம் எப்பவோ உதிர்ந்து போன. பாசிதான் அத விடாமப் புடிச்சிக்கொண்டு இருந்த" என்றார். விரலில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, "பதினொரு வருஷமா நான் செய்ற வேல இது ஒண்ணுதான். கழுவாதீங்க, கழுவாதீங்கண்டு எல்லாருக்கும் சொல்ற. ஒங்களுக்குச் சொல்ல மறந்திட்டன்" என்று சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. அசிட் படாத அடிப்பக்கத்தில் தப்பியிருந்த ஒரு சின்னப் பாசி வட்டத்தை அளந்து எழுதிக்கொண்டார். அதை வைத்து வருடம் சொல்ல முடியுமா என்று கேட்டேன். பழசு என்று சொல்லலாம், எவ்வளவு பழசு என்று இந்த ஒன்றை வைத்துச் சொல்ல முடியாது என்றார்.

மார்ச் முதல் வாரம் பாதை வெட்டும் மெசின் வந்தது. கல் மூன்று துண்டாகிப் பாதைக்கு அடியில் போனது. அன்று சாயங்காலம் அந்த அம்மா என் வீட்டு வாசலுக்கு வந்தார். "எங்க பாட்டன் பேர எழுதி வச்சிருக்கீங்களாமே ஐயா, காட்டுங்க" என்றார். கொப்பியைத் திறந்து இடத்தைக் காட்டினேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. கல்லிலும் அந்தப் பெயரை விரலால்தான் அறிந்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. காகிதத்தை இரண்டு மூன்று தடவை தடவினார்.

"இதுல ஒண்ணும் தெரியலைங்களே ஐயா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாசி மிஸ்ஸிடமிருந்து 2005 ஜனவரியில் கடைசிக் கடிதம் வந்தது. அவருடைய நியமனத்தைப் புதுப்பிக்கவில்லை. அதிகாரியின் அறிக்கையில், உரிய அறிவுறுத்தல் கொடுக்கத் தவறியதால் ஒரு கல்வெட்டு அழிந்தது என்று இருந்ததாம். மாவனல்லையில் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக் கொடுக்கிறேன், கவலைப்படாதீர்கள் என்று எழுதியிருந்தார். நூதனசாலைக்கு உண்மையை எழுதிவிட நான் பல தடவை உட்கார்ந்தேன். ஒரு தடவையும் தபாலில் போடவில்லை.

எந்தத் தேதியையும் தவறவிடாத என் நாட்குறிப்பில், அந்தச் சனிக்கிழமைக்கு நேரே "கல் கழுவப்பட்டது" என்று மட்டும்தான் இருக்கிறது. யார் கழுவியது என்று எழுத எனக்கு ஐந்து வருடம் பிடித்திருக்கிறது. இப்போது எழுதிவிட்டதால் பாசி மிஸ்ஸுக்கு அந்த வேலையோ, அந்த அம்மாவுக்குப் பாட்டனாரின் பெயரோ திரும்பக் கிடைக்கப் போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.