பத்தாயத்து வாடை

ஆய்வுக்கூடத்தில் பாஸ்பீன் குழாய் லேசாகக் கசிந்தது. அழுகிய மீனும் பூண்டும் கலந்த நாற்றம். வெள்ளிக் கிரகத்து மேகங்களில் நாங்கள் தேடும் வாயு இதுதான்.

எங்கள் வலங்கைமான் வீட்டில், நெல்லில் வண்டு விழாமலிருக்க அப்பா பத்தாயத்துக்குள் பூச்சிக்கொல்லி மாத்திரை போடுவார். இதே நாற்றம்தான் வீசும். சோற்றில்கூட அடிக்கும். ஒருநாள் காலையில், பத்தாயத்துக்கு அடியில் ஈன்றிருந்த பூனை, தன் குட்டிகளோடு விறைத்துக் கிடந்தது. வாயில் நுரை, அதில் ஈ. அப்பா அதைப் பார்க்கவேயில்லை. செத்த வண்டுகளை அள்ளிக் காட்டினார்.

"பாத்தியா, ஒண்ணுகூட உசுரோட இல்ல!"

குழாயை மூடிவிட்டு உதவியாளன் உற்சாகமாகச் சொன்னான்: "பூமியில நுண்ணுயிர்களும் இந்த வாயுவ விடுது. இது வெள்ளியில இருந்தா, அங்க உயிரும் இருக்கலாம் மேடம்!"

அவன் எங்கள் பத்தாயத்துக்கு அடியில் குனிந்து பார்த்ததில்லை.