பொழி அடைந்திருந்த ஞாயிறு

மலையாள விருச்சிக மாதம், இரண்டாம் ஞாயிறு. காலையில் கிழக்கேகோட்டையில் பேருந்து ஏறி வேளிக் காயலோரப் பூங்காவுக்குச் சென்றோம். உடன் வந்தவர் என் மனைவியின் தம்பி. வானம் தெளிந்திருந்தது. பொழி அடைந்திருந்தது. நடந்தே அக்கரை சென்று, மதியத்துக்குள் திரும்பினோம்.

காயலையும் கடலையும் பிரிக்கும் மணல்வரம்பை இங்கே பொழி என்பார்கள். மழையில் காயல் பெருகினால் அதை வெட்டித் திறப்பார்கள்; பின்னர் அலைகளே மணல் கொணர்ந்து மூடும். நானும் மனைவியும் சென்றபோதெல்லாம் அது திறந்தே கிடந்தது. பூங்காவின் நடைபாதைகளைச் சுற்றி முடித்து, கடைசியில் அவள் நீர் விளிம்பில் நின்று அக்கரையைப் பார்ப்பாள். ஒரு முறையாவது அந்த மணலில் நடக்க வேண்டும் என்பாள். இந்த ஆண்டு மழைக்கு முன்பே அவள் காலமானாள். அவளுக்காக அங்கே நடந்துவிட வேண்டும் என்றே நான் புறப்பட்டேன்.

மைத்துனர் ஆரியசாலையில் மொத்தக் கடை வைத்திருப்பவர். தேநீர்க் கடையில் விசாரித்துவிட்டு வந்தார்.

"அத்தான், கேட்டியளா? மத்தியானம் ஜேசிபி வருமாம், பொழி வெட்டுகதுக்கு. சட்டுனு போயிட்டு வந்திரணும். இல்லேன்னா அக்கரையிலதான் கெடக்கணும். மீன் திங்காத உங்களுக்குப் பட்டினிதான், பின்னே!"

மணலில் இறங்கியதும் செருப்புகளைக் கழற்றிக் கையில் எடுத்தார். நான் கையை நீட்டினேன். கடற்கரையில் மனைவியின் செருப்புகளை நான் வாங்கிக்கொள்வது வழக்கம். சேலையைத் தூக்கிப் பிடிக்க அவளுக்கு இரு கைகளும் வேண்டும்.

"இதென்ன அத்தான், என் செருப்பையா கேக்கியோ?" என்று சிரித்தார். என் கை அப்படியே நின்றது. அவர் சிரிப்பும் நின்றது. செருப்புகளை ஒன்றோடொன்று தட்டி மணலை உதிர்த்துவிட்டு நீட்டினார்.

"பிடிங்க. அக்கா செருப்பு மாதிரி இல்ல, கனம் கூடுதலாக்கும். கை வலிக்குன்னு சொல்லப்பிடாது."

"சொல்லமாட்டேன்" என்றேன்.

பொழியின் மணல் ஈரத்தில் இறுகியிருந்தது. நடப்பது எளிதாக இருந்தது. அக்கரையின் மணலும் காற்றும் இக்கரையில் உள்ளவையே. ஆனால் அங்கே நின்று திரும்பியபோது, அவள் வழக்கமாக நிற்கும் இடம் நேரெதிரே தெரிந்தது. நான் அதை ஒருபோதும் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை. இப்போது அங்கே ஒரு குடும்பம் தயங்கி நின்றது. மைத்துனர் கையை ஆட்டி, "வரீன், சமயமுண்டு!" என்று மலையாளத்தில் கூவினார். அவர்களும் வந்தார்கள்.

அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த புளிச்சோற்றை மணலில் அமர்ந்து உண்டோம். எனக்கு நன்றாகப் பசித்தது. இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினேன்.

திரும்பும்போது பொழி வெட்டும் இயந்திரம் வந்து நின்றிருந்தது. மைத்துனர் செருப்புகளைக் கேட்கவில்லை. பூங்காவின் சரளைப் பாதையில் காலைத் தூக்கித் தூக்கி வைத்தபடி வெறுங்காலோடு நடந்தார். வாயிலருகில்தான் நான் கவனித்துத் திருப்பிக் கொடுத்தேன்.

செய்யாமல் விட்டவை:

அக்கரையில், கண்ணுக்குத் தெரிந்த மீன்பிடி வள்ளங்கள் வரை நடப்பது.

மைத்துனரின் சோற்றுப் பாத்திரத்தைக் கழுவித் திருப்பித் தருவது.

வீட்டு வாசலில் இருக்கும் அவள் செருப்புகளை எடுத்து வைப்பது. இதற்கு அவசரமில்லை.