விழுந்து பார்க்கிற ஷஹீன் பானு

மஹ்பூபி வீட்டுக் குளியலறைத் தரையில் மல்லாந்து கிடந்தாள் ஷஹீன் பானு. இரண்டு நிமிடம் அசையவில்லை. கைப்பேசி அலறியதும் எழுந்து துப்பட்டாவை உதறிக்கொண்டு, "இங்க சரியாத்தான் இருக்கு. அடுத்து சமையல்கட்டு" என்று அங்கே போய் விழுந்தாள். வீடு வீடாகப் போய் விழுவதற்குச் சம்பளம் வாங்குகிறவள் ஆம்பூரில் இவள் ஒருத்திதான்.

வயது முப்பத்தாறு. முழங்கையில் எப்போதும் ஒரு சிராய்ப்பு. முன்பு தோல் கம்பெனி ஒன்றில் நெட்வொர்க் பார்த்தாள். ஈரத்தோலை அடுக்கி வைத்தால் அந்தப் பக்கம் வைஃபை படுத்துவிடும். காய்ந்த தோலுக்கு அவ்வளவு ஆகாது. "தண்ணி குறுக்கால வந்தா சிக்னல் மாறும். மனுசன் உடம்புலயும் தண்ணிதான ஜாஸ்தி?" என்பாள், கேட்டாலும் கேட்காவிட்டாலும். இப்போது அவள் வீடுகளில் மாட்டுகிற வைஃபை பெட்டி அந்த மாற்றத்தை வைத்தே ஆள் நடக்கிறாரா, தரையில் கிடக்கிறாரா என்று கண்டுபிடிக்கும். படம் எடுக்காது.

படம் எடுக்காது என்பதால்தான் மஹ்பூபி சம்மதித்தாள். தனியாக இருக்கிறவள். சர்க்கரை இறங்கி மயங்கி, போன மாதம் மூன்று மணி நேரம் தரையில் கிடந்தாள். பெங்களூரிலிருக்கும் மகன் தன்சீல் அகமது கேமரா வைக்கச் சொன்னபோது, "என் வூட்லயே நான் முக்காடு போட்டுக்கினு உக்காரணுமா?" என்று கேட்டுவிட்டாள்.

பெட்டி வந்து பத்து நாளில் புகாரும் வந்துவிட்டது. அதற்காகத்தான் ஷஹீன் பானு இன்று மறுபடி வந்து விழுந்து பார்த்தாள். தொழுது முடித்ததும் மஹ்பூபி நெற்றியைத் தரையில் வைத்துத் தனியாக ஒரு சஜ்தா செய்வாள். இறந்துபோன கணவரிலிருந்து பேரனின் பரீட்சை வரைக்கும் எல்லாத் துவாவும், எல்லா வேண்டுதலும் அதில்தான். இரண்டு நிமிடம் தாண்டியதும் ஆள் விழுந்துவிட்டார் என்று பெட்டி மகனை அழைக்கும். அவன் பதறிப்போய்ப் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட, அவர்கள் வந்து கதவை இடிப்பார்கள்.

"ஒரே பேஜாரும்மா. இப்பல்லாம் ரெண்டு வார்த்த சொல்லிட்டு எழுந்துடறேன். அல்லாகிட்ட பேசறதுக்கும் டைம் பாக்கணுமா?"

ஷஹீன் பானுவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. தான் மாட்டிய பெட்டி ஒரு மனுஷியின் துவாவைக் கெடுக்கிறதே என்று மனசு கேட்கவில்லை.

"உங்களுக்கு எவ்ளோ நேரம் ஆவும் காலா?" மஹ்பூபியைச் சித்தி முறையில் காலா என்றுதான் கூப்பிடுவாள்.

"யாரு பாத்தா?"

"இன்னிக்கு பாத்துடலாம். அலாரத்த நிறுத்திட்டேன்."

மதியத் தொழுகைக்கான லுஹர் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. மஹ்பூபி தொழுதாள், பிறகு நெற்றியைத் தரையில் வைத்தாள். பதினோரு நிமிடம். நிமிர்ந்தபோது முகமெல்லாம் நனைந்திருந்தது.

ஷஹீன் பானு மகனை அழைத்தாள். "பதினஞ்சு நிமிஷமா மாத்திடவா?"

"அம்மா நிஜமாவே விழுந்துட்டா என்ன பண்றது? பதினஞ்சு நிமிஷம் ரொம்ப ஜாஸ்தி சிஸ்டர்."

அவன் சொன்னதும் நியாயம்தான். பெட்டி அழைக்கிற எண்களின் பட்டியலைக் கைப்பேசியில் திறந்தாள். பிறகு மகன் எண்ணுக்குப் பதினைந்து நிமிடம் என்று மாற்றினாள். பட்டியலில் அதற்கு மேலே தன் எண்ணைச் சேர்த்து, இரண்டு நிமிடம் என்று போட்டாள்.

"எங்க வூடு ரெண்டு தெரு தள்ளிதான் காலா. எனக்கு மணி அடிச்சா சத்தம் போடாம எட்டிப் பாத்துட்டுப் போய்டறேன்" என்று, வாசல் சாவிக்காக மஹ்பூபியிடம் கையை நீட்டினாள்.