பானட் மூடிவிட்டது, ஃபில்டரைக் காணோம்

இந்த நேரத்தில் போஸ்ட் போடுவதற்கு மன்னியுங்கள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் கணவர் ஆசையாக வாங்கிய பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காருக்கு இன்று கள்ளக்குறிச்சியில், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டரை வேறு மாற்றி மாட்டினார்கள். கம்பெனியுடையது இல்லை, பழையதைவிட உயரம்.

மதியம் சாப்பாடு கொண்டுபோனேன். பானட்டைத் திறந்து வைத்து, அதன் மேல் ஏர் ஃபில்டரையும் மாட்டி, அந்தக் காற்றுக்கு ஏற்றபடி பெட்ரோலை டியூனிங் செய்துகொண்டிருந்தார்கள். முடித்து மூடினால் ஃபில்டர் இடித்தது, பானட் மூடவே இல்லை.

சாயங்காலம் போனால் அழகாக மூடியிருக்கிறது!

"எப்படிங்க மூடுச்சு?" என்று மெக்கானிக்கைக் கேட்டேன்.

அவர் என் கணவரைப் பார்த்தார். இவர் டயரைப் பார்த்தார்.

"அட்ஜஸ்ட் பண்ணிட்டேன்க்கா. வண்டி இன்னா ஸ்மூத்தா ஓடுது பாருங்க!"

வரும் வழியில் பானட்டுக்குள் இரண்டு முறை 'டப்' என்று வெடித்தது. வீடு வந்ததும் சீட்டுக்குப் பின்னால் தேடினேன். துணியில் சுற்றிய ஏர் ஃபில்டர்!

"ஏங்க, இது இன்னா?"

"அது இல்லன்னாதான் இஞ்சினுக்குக் காத்து ஜாஸ்தி கிடைக்கும்."

"அப்ப மதியம் ஃபில்டரோட பண்ண டியூனிங் இன்னா ஆச்சு?"

"புதுசா பெயின்ட் அடிச்ச பானட்டுல ஓட்டையா போடச் சொல்ற?"

நான் கேட்டது பெயின்ட்டைப் பற்றி இல்லை; ஃபில்டர் இல்லாமல் காற்று கூடி, கலவை மாறித்தான் அந்த 'டப்' வந்ததோ என்று.

காலையில் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு இதே காரில் கல்வராயன் மலை ஏறப் போகிறோமாம். பானட்டில் கீறல் விழாது என்று மட்டும் உறுதியாகத் தெரிகிறது.

கார் தெரிந்தவர்களே, இதில் ஏறலாமா, பஸ்ஸில் போகட்டுமா? விடிவதற்குள் பதில் போடுங்கள்.